ஃபிலிம் கேமரா பழுது: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா?

இரண்டு உருவங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றுதான் என்னுடைய முதல். அதன் வியூஃபைண்டர் மங்கலாக இருந்தது. மேல்மூடியைக் கழற்றுவது சுலபமாகத்தான் இருந்தது: சில ஸ்க்ரூக்கள், ஒரு வளையம். உள்ளே தூசி படிந்த சின்னக் கண்ணாடி ஒன்று சாய்வாக நின்றது. பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஒரே ஒரு இழுப்பு. கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. பஞ்சின் நுனியைப் பார்த்தால் ஏதோ மினுமினுப்பாக ஒட்டியிருந்தது. அது தூசி இல்லை, கண்ணாடியின் பூச்சு. பாதி ஒளியைத் திருப்பி, பாதியை ஊடுருவ விடும் அந்தப் பூச்சு போனதோடு, ஃபோகஸ் பார்க்க உதவும் இரட்டை உருவமும் போய்விட்டது. "வெளிப்பக்கத்துக் கண்ணாடிகளோட உள்முகத்தை மட்டும் துடைச்சிருந்தா போதுமே தம்பி" என்றார் பிறகு அதைப் பார்த்த மெக்கானிக்.

அன்றிலிருந்து ஒரு கேமராவைத் திறப்பதற்கு முன் என்னை நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மூடிய பிறகு இது சரியாக இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க என்னிடம் வழி இருக்கிறதா? கழற்றுவது பெரும்பாலும் யாருக்கும் கைவரும். மாட்டுவதும், படம் எடுத்து வைத்திருந்தால், ஒருவழியாக நடந்துவிடும். ஆனால் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே திறக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதிக்க முடிந்ததை வீட்டில் செய்யலாம், முடியாததைக் கொடுத்துவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைப் பற்றித்தான்.

1. முதலில் எதையும் திறக்காதீர்கள்

'ஓடவில்லை' என்று ஒதுக்கப்படும் கேமராக்களில் பேட்டரி மட்டும் தீர்ந்தவை நிறைய உண்டு. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஷட்டரையே 6 வோல்ட் பேட்டரிதான் இயக்குகிறது. அது தீர்ந்திருந்தால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் சத்தமே வராது. அதே ஆண்டில் வந்த பென்டாக்ஸ் கே1000 நேர் எதிர். பேட்டரியே போடாவிட்டாலும் எல்லா வேகத்திலும் ஷட்டர் அடிக்கும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் மட்டும் அசையாது. நிக்கான் எஃப்இ இரண்டுக்கும் நடுவில். பேட்டரி தீர்ந்த நிலையில் அழுத்தினால் கண்ணாடி மேலேயே மாட்டிக்கொண்டு பயமுறுத்தும். வேக டயலை, பேட்டரி இல்லாமலே ஓடும் எம்90 நிலைக்குத் திருப்பினால் இறங்கிவிடும். ஒலிம்பஸ் ட்ரிப் 35-இல் வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பி ஷட்டர் பூட்டிக்கொள்ளும். அது பழுது இல்லை, அந்தக் கேமராவின் நல்ல பழக்கம். லென்ஸைக் கையால் மூடி அழுத்தியும் கொடி எழவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் மாடலின் கையேட்டைத் தேடிப் படிப்பது. பழைய கேமராக்களில் பெரும்பாலானவற்றின் கையேடு இணையத்தில் கிடைக்கிறது. பேட்டரி இல்லாமல் எது ஓடும், எது ஓடாது, பூட்டு எங்கே இருக்கிறது, செல்ஃப் டைமர் பாதியில் நிற்கிறதா, அடியில் உள்ள ரீவைண்ட் பட்டன் அழுந்திய நிலையிலேயே இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். வைண்ட் லீவர் நகரவில்லை என்றால், பல நேரம் கேமரா ஏற்கெனவே வைண்ட் ஆகி, அடிப்பதற்குக் காத்துக்கொண்டிருக்கும். அதை பலம் போட்டு இழுத்துத்தான் பலர் கியரை உடைக்கிறார்கள்.

அடுத்து பேட்டரி அறை. பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை கொண்டது. பஞ்சில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். உலோகம் தெரியும்வரை பென்சில் அழிப்பானால் தேய்க்கலாம். தகடு பளபளத்தும் மின்சாரம் போகவில்லை என்றால், கசிவு ஒயரின் உள்ளே ஏறியிருக்கும். ஒயரை மாற்றி சால்டரிங் செய்ய வேண்டும்.

பழைய மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். 1960-70களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இன்று விற்பனையில் இல்லை. அதே வடிவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கும், பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். மீட்டர் பொய் சொல்வது இதனாலும் இருக்கலாம். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 அளவு ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தருகிறது. ஒரு சின்ன வளையம் வைத்தால் பல கேமராக்களில் பொருந்தும். ஸ்டிக்கரை உரித்த சில வாரங்களில் தீர்ந்துபோவது அதன் குறை. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சிலவற்றின் மீட்டர் சுற்று வோல்டேஜ் வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது. அவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை.

2. ஃபிலிம் சொல்வதைக் கேளுங்கள்

பழுதைக் கண்டுபிடிக்க உங்களிடம் இருக்கும் சிறந்த கருவி, கடைசியாகக் கழுவிய நெகட்டிவ். ஸ்கேன் செய்த படம் போதாது. நெகட்டிவையே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

முழு ரோலும் வெறுமையாக இருந்தால் ஓரத்தைக் கவனியுங்கள். ஃபிலிம் கம்பெனி அச்சிட்ட எழுத்தும் எண்களும் ஓரத்தில் தெரிந்தால் கழுவியது சரி. அப்படியென்றால் ஷட்டர் திறக்கவில்லை, அல்லது ஃபிலிம் ஸ்பூலில் மாட்டாமல் அப்படியே நின்றிருக்கிறது. இரண்டாவது காரணம் எனக்கே நடந்திருக்கிறது. அந்தக் கேமராவில் ஒரு குறையும் இல்லை. ஓர எழுத்துகளும் இல்லை என்றால் கழுவியதில்தான் கோளாறு, கேமராவைக் குறை சொல்லாதீர்கள்.

ஒளிக்கசிவு நெகட்டிவில் கறுப்பாகவும் படத்தில் வெளுப்பாகவும் ஆரஞ்சாகவும் விழும். அந்தக் கறை ஃபிலிமின் பற்துளைகளைத் தாண்டி ஓரம்வரை பரவியிருந்தால், வெளிச்சம் பின்மூடி வழியாக வந்திருக்கிறது. பின்மூடியைச் சுற்றி ஒளியைத் தடுக்கும் ஸ்பாஞ்சை (லைட் சீல்) மாற்றினால் தீரும், வீட்டு வேலை. கறை படச் சட்டத்துக்குள் மட்டும், ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வந்தால் துணி ஷட்டரில் ஊசித்துளையோ, மடிப்புக் கேமராவாக இருந்தால் லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியில் (பெல்லோஸ்) ஓட்டையோ இருக்கும். பெல்லோஸை இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் நட்சத்திரம்போல மின்னும்.

வேகமான ஷட்டரில் எடுத்த படங்களில் மட்டும் ஒரு பக்கம் இருண்டுகொண்டே போனால், ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். முதல் திரையை இரண்டாவது துரத்திப் பிடித்துவிடுகிறது. இது மெக்கானிக் வேலை. ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மட்டும் பாதி இருட்டாக இருந்தால் கேமராவை விட்டுவிடுங்கள். ஃபிளாஷோடு ஷட்டர் ஒத்துப்போகும் உச்ச வேகத்தை, அதாவது ஒத்திசைவு வேகத்தை, தாண்டி வைத்திருக்கிறீர்கள். துணி ஷட்டர் கேமராக்கள் பலவற்றுக்கு அந்த எல்லை 1/60.

நீளவாக்கில் நேர்கோடாகக் கீறல் விழுந்தால் ஃபிலிம் போகும் பாதையில் மணல்துகள், அழுத்தத் தகட்டில் கறை அல்லது ஃபிலிம் டப்பாவின் வெல்வெட்டில் அழுக்கு. துடைத்தால் தீரும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வைண்டிங் பகுதியில் தேய்மானம். அதற்கு ஆழமாகத் திறக்க வேண்டும்.

3. ஷட்டரை அளந்து பாருங்கள்

இதற்குச் செல்போன் போதும், ஒரு எல்லை வரைக்கும். ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கழற்றியோ, அதன் ஒளித்துளையை முழுதாகத் திறந்து (முழுத் துளை) வைத்தோ, வெளிச்சமான ஜன்னலை நோக்கி நிறுத்துங்கள். போனில் நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் ஸ்லோமோஷனில் ஷட்டரை வீடியோ எடுத்து, வெளிச்சம் தெரியும் சட்டங்களை எண்ணுங்கள். ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் ஓடும் குவியதள ஷட்டராக இருந்தால் சட்டத்தின் நடுவில் ஒரே ஒரு புள்ளியைப் பார்த்து எண்ண வேண்டும். 1 நொடிக்கு 240 வர வேண்டும், 1/15-க்கு 16, 1/30-க்கு 8, 1/60-க்கு 4. அதற்கு மேல் போனின் வேகம் போதாது. ஒரு வீடியோ சட்டமே 4 மில்லிநொடிக்குக் கொஞ்சம் அதிகம். 1/1000 என்பது வெறும் 1 மில்லிநொடி.

இங்கே நான் ரொம்பக் கறாராக இருப்பதில்லை. 1 நொடி என்று வைத்தால் 1.2 நொடி திறந்திருக்கிறதா, பரவாயில்லை. நெகட்டிவ் ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம்தான் முகம் சுளிக்கும். மெதுவான வேகங்களில் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டாலோ, ஒருமுறை சரியாகவும் மறுமுறை தப்பாகவும் அடித்தாலோ அதுதான் பழுது. முதல் பத்துத் தடவை திணறி, பிறகு சரியாகும் ஷட்டரும் உண்டு. பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

வேகமான எண்களுக்கு இன்னொரு சோதனை. 1/1000 அல்லது 1/500 வைத்து, பின்மூடி வழியாக ஒரு வெள்ளைச் சுவரை நேராகப் பார்த்துக்கொண்டு அடியுங்கள். ஒரு கணம் முழுச் சதுரமும் ஒரே வெளிச்சமாகத் தெரிய வேண்டும். ஒரு விளிம்பு இருண்டிருந்தால் மேலே சொன்ன திரைக் கோளாறு. வேகத்தின் அளவை இந்தச் சோதனை சொல்லாது. திறக்கிறது, சீராகத் திறக்கிறது என்பதை மட்டும் சொல்லும்.

மீட்டரைச் சோதிக்க நல்ல வெயில் போதும். ஐஎஸ்ஓ 100, வேகம் 1/125, துளை எஃப் 16. வெயில் நேராக விழும் சாதாரண நிறச் சுவருக்கு மீட்டர் இதற்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். வெயிலில் சரியாக இருந்து நிழலில் பிசகும் மீட்டரும் உண்டு, அதனால் இரண்டு இடத்திலும் பாருங்கள். எப்போதும் ஒரே அளவு பிசகினால் ஐஎஸ்ஓ டயலை அந்த அளவுக்கு மாற்றி வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். இரண்டு வருடமாக அப்படித்தான் ஒரு கேமராவை ஓட்டுகிறேன்.

4. ஃபிளாஷ் உள்ள சின்ன கேமராக்களைத் திறக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், ஆபத்து உங்கள் கைக்கு. ஃபிளாஷ் உள்ளே பொருத்திய பாயிண்ட்-அண்ட்-ஷூட் கேமராக்களில் ஃபிளாஷுக்கான கெபாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது போய்விடாது. தொட்டால் கை மரத்துப்போகும் அளவுக்கு அடிக்கும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிட மோசம். கெபாசிட்டரை முறையாக வடிக்கத் தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1997-இல் வந்த ஒலிம்பஸ் மியூ-2, 1990-இல் வந்த கான்டாக்ஸ் டி2 போன்றவை முழுக்க எலக்ட்ரானிக்ஸ். உள்ளே மடித்து மடித்து ஓடும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் ஒன்று கிழிந்தால் மாற்றுப் பாகம் செத்துப்போன இன்னொரு கேமராவிலிருந்துதான் வர வேண்டும். இந்த வகையில் வீட்டு வேலை என்பது பேட்டரித் தகட்டைத் துடைப்பது, பின்மூடி சீலை மாற்றுவது, அவ்வளவுதான்.

முழு மெக்கானிக்கல் கேமராக்கள் இதற்கு நேர்மாறு. பித்தளையும் எஃகும் அழுக்கால் திணறும், துடைத்தால் மறுபடி ஓடும். திறமையான கை கிடைத்தால் லென்ஸுக்குள் இதழ் இதழாகத் திறக்கும் அறுபது வருடப் பழைய லீப் ஷட்டருக்கும் உயிர் வரும்.

5. தாராளமாக வீட்டில் செய்யலாம்: லைட் சீல்

ஒரே ஒரு பழுதுவேலை கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். 1960களுக்குப் பிந்தைய ஜப்பானியக் கேமராக்களில் பின்மூடியைச் சுற்றி வைத்த ஸ்பாஞ்ச், வருடங்கள் போகப்போகத் தாராக உருகும், அல்லது கறுப்புப் பொடியாக உதிரும். இந்தக் கேமராக்களுக்கு வரும் முதுமை இது. தப்பு செய்தாலும் திரும்ப உரித்துப் போடலாம், சரியா என்று ஒரு ரோல் ஃபிலிம் சொல்லிவிடும். என் விதிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

பின்மூடியைத் திறந்து, திறந்த பக்கம் கீழே பார்க்கும்படி கேமராவைப் பிடியுங்கள். உதிரும் பொடி ஷட்டருக்குள் போகாமல் வெளியே விழும். ஷட்டர் திரைமேல் ஒரு காகிதத்தை வெட்டி வைத்து ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். டேப் திரையைத் தொடக் கூடாது. மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பள்ளத்தில் இருக்கும் பிசினைச் சுரண்டி எடுங்கள். உலோகக் கம்பி வேண்டாம், பெயின்ட் போய்விடும். ஆல்கஹாலைக் கேமராவில் ஊற்றக் கூடாது, குச்சியில் மட்டும் தொட வேண்டும். அவசரப்பட்டால் இந்தக் கட்டத்தில்தான் சொதப்பும். எனக்கு ஒரு கேமராவுக்கு ஒரு மணி நேரம் இதற்கே போகும், புதிது ஒட்ட இருபது நிமிடம்.

புதிய ஸ்பாஞ்ச் பொதுவாக 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன். பள்ளத்தின் அகலத்தை அளந்து கீற்றாக வெட்டுங்கள். பின்பசையை நாக்கால் லேசாக ஈரப்படுத்தினால் உடனே ஒட்டிக்கொள்ளாமல் நகர்த்தி வைக்க அவகாசம் கிடைக்கும். அசிங்கமாகத் தோன்றினால் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். மிகக் குறுகிய பள்ளத்துக்குக் கறுப்புக் கம்பளி நூல்கூடப் போதும். கீல் பக்கத்துச் சீல் கொஞ்சம் தடிமனாக இருக்கும். மூடி அழுத்தாமல் மூடவில்லை என்றால் தடிமன் கூடிவிட்டது, உரித்துவிட்டு மெல்லியதைப் போடுங்கள்.

லென்ஸ் பார்ப்பதையே உள்ளிருக்கும் கண்ணாடி வழியாகக் காட்டும் எஸ்எல்ஆர் கேமரா என்றால் இன்னொரு ஸ்பாஞ்ச் உண்டு, கண்ணாடி மேலே போய் மோதும் இடத்தில். இதற்கு இரண்டு மடங்கு நிதானம் தேவை, ஏனென்றால் அதற்கு ஒட்டினாற்போல மேலே, வியூஃபைண்டரில் நாம் பார்க்கும் உருவம் விழும் ஃபோகஸிங் ஸ்க்ரீன் இருக்கிறது. பிளாஸ்டிக்கால் ஆன அந்த ஸ்க்ரீனில் ஆல்கஹால் பட்டால் கறை, துணி பட்டால் கீறல். கேமராவின் லென்ஸ் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஸ்க்ரீனைக் காகிதத்தால் மறைத்து, குச்சியைக் கிட்டத்தட்ட உலர்வாக வைத்துச் சுரண்டுங்கள். கீழே இருக்கும் கண்ணாடியையும் விரலால் தொடாதீர்கள். வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்னால் இருக்கும், இதில் முன்னாலேயே இருக்கிறது. தூசி விழுந்தால் காற்றுப் பம்பால் ஊதுங்கள். ஸ்க்ரீனில் ஒரு துகள் மிச்சமானாலும் விட்டுவிடுங்கள், அது படத்தில் விழாது.

வெளி லென்ஸ் துடைப்பது, ஃபிலிம் பாதையைச் சுத்தம் செய்வது, பிரிந்த தோலை ஒட்டுவது எல்லாம் இதே வகைதான். விளக்கத் தேவையில்லை.

6. நடுவில் நிற்கும் வேலைகள்

இங்கேதான் விவாதம். கை பழகியவர் செய்துவிடுவார், புதியவர் கெடுத்துவிடுவார்.

லீப் ஷட்டரின் இதழ்களில் எண்ணெய் படிந்து ஒட்டிக்கொள்வது மிகப் பொதுவான பழுது. முன் லென்ஸைக் கழற்றினால் இதழ் தெரியும். லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவைப் பஞ்சில் தொட்டு, அடித்து அடித்துத் துடைத்தால் ஓடத் தொடங்கும். சில நாள் கழித்து மறுபடி ஒட்டும், ஏனென்றால் சுற்றியிருக்கும் பழைய எண்ணெய் கரைந்து திரும்பவும் இதழுக்கே வருகிறது. முழுதாகப் பிரித்துக் கழுவினால்தான் நிரந்தரம். ஷட்டர் இதழுக்கு எண்ணெயே கூடாது, வறண்டிருக்க வேண்டும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைக் கேமரா பக்கமே கொண்டுவராதீர்கள். நாஃப்தா எளிதில் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

கேனான் ஏ வரிசைக் கேமராக்கள் அடிக்கும்போது இருமுவதுபோல் சத்தம் போடும். கண்ணாடியை ஓட்டும் பல்சக்கரத்தில் எண்ணெய் வறண்டிருப்பதே காரணம். சரியான இடம் தெரிந்தால் ஊசிமுனையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். இடம் தெரியாமல் ஐந்து சொட்டு விட்டால் ஷட்டருக்குள் போய்விடும்.

மினோல்டா எக்ஸ்-700 வைத்திருப்பவர்களுக்கு, மீட்டர் விளக்குகள் எரிந்தும் ஷட்டர் அடிக்கவில்லை என்றால் அடித்தகட்டின் கீழே இருக்கும் கெபாசிட்டர் செத்திருக்க வாய்ப்பு அதிகம். சால்டரிங் நன்றாகத் தெரிந்தால் மாற்றலாம். இதிலேயே சால்டரிங் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் வேண்டாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் சரிசெய்தலை நான் வீட்டுப் பக்கமே சேர்ப்பேன், அளக்க வழி இருப்பதால். ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின்மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கி ஒட்டி, பட்டனை அழுத்திப் பிடிக்கும்வரை திறந்தே இருக்கும் 'பி' நிலையில் ஷட்டரைத் திறந்து வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரத்தைப் பேப்பரில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் லென்ஸ் உண்மையிலேயே முடிவிலியில் கூர்மையாக இருக்கிறதா என்று தெரியும். லென்ஸ் சரி, இரட்டை உருவம் மட்டும் சேரவில்லை என்றால் சரிசெய்யும் ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். சில மாடல்களில் அது ஃபிளாஷ் ஷூவின் கீழே ஒளிந்திருக்கும், மேல்மூடியைக் கழற்றவே வேண்டியதில்லை. பாதி வெள்ளி பூசிய கண்ணாடியைத் துடைக்காதீர்கள், காற்று மட்டும். என் கதையை மேலே படித்தீர்கள்.

பூஞ்சை? முன் அல்லது பின் உறுப்பின் உள்முகத்தில் புதிதாக வந்தது என்றால் வளையத்தைக் கழற்றித் துடைக்கலாம். பூஞ்சை விடும் அமிலம் பூச்சை அரித்திருந்தால், துடைத்த பிறகும் நரம்பு நரம்பாகத் தடம் நிற்கும். அதை யாராலும் மாற்ற முடியாது. நடு உறுப்புகளுக்கு இடையே இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே வானவில் நிறமோ பனிமூட்டமோ தெரிந்தால் பசை பிரிகிறது. பெரும்பாலும் வேறு லென்ஸ் வாங்குவதே மலிவு.

7. யோசிக்காமல் கொடுத்துவிட வேண்டியவை

குவியதள ஷட்டரின் திரை இழுவிசை, உயர் வேகங்கள், கிழிந்த திரை, ஃபோகஸ் சுருள்மரை, வைண்டிங் கியர், மீட்டர் சுற்று, கீழே விழுந்து நெளிந்த உடல். இவை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: ஷட்டர் டெஸ்டர், முடிவிலி ஃபோகஸைச் சோதிக்கும் கொலிமேட்டர், அளவு தெரிந்த ஒளிமூலம் இல்லாமல் சரிபார்க்க முடியாது.

சுருள்மரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக. இறுகிப்போன ஃபோகஸ் வளையத்தைத் தளர்த்தலாம் என்று திருகிக் கழற்றிவிடுவார்கள். அந்த மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு. கழன்று வந்த இடத்தை அடையாளம் வைக்காவிட்டால், மாட்டும்போது ஒவ்வொரு தொடக்கமாக முயன்று பார்க்க வேண்டும். தப்பான தொடக்கத்திலும் மரை நன்றாகவே ஏறும், சுற்றும், படம் மட்டும் முடிவிலியில் கூர்மையாக இருக்காது.

யாஷிகா எலக்ட்ரோ 35-இன் உள்ளே ஒரு ரப்பர் திண்டு மக்கிப்போய் எக்ஸ்போஷரைக் கெடுக்கும். அது சின்னப் பாகம்தான், ஆனால் அதை எட்ட நிறைய ஒயர்களைத் தாண்ட வேண்டும். பாகத்தின் அளவைப் பார்க்காமல் அதற்குப் போகும் வழியைப் பாருங்கள்.

8. திறக்கத்தான் போகிறீர்கள் என்றால்

முதலில் ஒன்றுக்கும் உதவாத ஒரு கேமராவைத் திறந்து, மூடிப் பழகுங்கள். அதே மாடலாக இருந்தால் பின்னால் பாகமும் கிடைக்கும்.

திருப்புளி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பானியக் கேமராக்களில் இருப்பது ஜேஐஎஸ் தர ஸ்க்ரூ. பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும், பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் தலையை உருக்குலைத்துவிடும். சில கேமராக்களில் ஃபிலிம் எண்ணிக்கை முள்ளின் ஸ்க்ரூவோ வைண்ட் லீவரின் ஸ்க்ரூவோ தலைகீழ் மரையாக இருக்கும். ஒரு பக்கம் நகரவில்லை என்றால் பலம் கூட்டாமல், அந்த மாடலின் பழுதுக் குறிப்பைத் தேடுங்கள்.

வெள்ளைத் துணி விரித்த தட்டில் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம். முட்டை அட்டைக் குழிகளில் ஸ்க்ரூக்களை வரிசையாக வைத்தால் குழப்பம் இல்லை. நீளம் மாறிய ஒரு ஸ்க்ரூ உள்ளே போய் கியரைத் தடுத்துவிடும். மூடியைத் தூக்கும்போது ஸ்பிரிங் ஒன்று பறந்தால், அப்போதே நின்றுவிடுங்கள். ஒரு இடத்தில் "இது எதுக்கு?" என்று கேள்வி வந்து, பதில் தெரியவில்லை என்றாலும் நிறுத்திவிட்டு மூடுங்கள். அந்த நிலையில் மூடிய கேமராவை எந்த மெக்கானிக்கும் வாங்கிக்கொள்வார். டப்பாவில் பாகங்களாகக் கொண்டுபோனால் பலர் தொடமாட்டார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை.

9. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

"ரிப்பேர்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். "1/15-க்குக் கீழே திணறுகிறது, வெயிலில் மீட்டர் ஒரு ஸ்டாப் குறைவு, இதோ நெகட்டிவ்" என்று சொன்னால் அவர் நேரமும் உங்கள் பணமும் மிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). நீங்கள் திறந்திருந்தால் ஒளிக்காதீர்கள். ஸ்க்ரூ தலையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியவை சில. இந்த மாடலை முன்பு பார்த்திருக்கிறாரா? ஷட்டர் வேகத்தை எதில் அளக்கிறார்? வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தருவாரா? பாகம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? வேலை முடிந்து எத்தனை மாதம் பொறுப்பு? அளக்கும் கருவி இல்லை என்று சொல்பவரிடம் லைட் சீல் மாற்றலாம், ஷட்டர் வேலை கொடுக்க மாட்டேன். நிறைய நாள் காத்திருக்கச் சொன்னால் கோபம் வேண்டாம், இந்தக் கைத்தொழிலில் ஆட்கள் குறைவு.

செலவுக் கணக்கில் பலர் தவறுவது, பழுதான கேமராவின் விலையோடு ஒப்பிடுவது. சர்வீஸ் செய்த, உத்தரவாதமுள்ள அதே மாடலின் விலையோடு ஒப்பிடுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்கும் அதே கிரீஸ் இறுகியிருக்கும், அதே ஸ்பாஞ்ச் உருகியிருக்கும். சர்வீஸ் செலவு அந்த விலையைத் தாண்டினால் வேறு வாங்கலாம். அப்பா வைத்திருந்த கேமரா என்றால் இந்தக் கணக்கே வேறு. அதை வீட்டில் பழகும் கேமராவாகவும் ஆக்கக் கூடாது.

10. சரிசெய்த பிறகு

யார் சரிசெய்திருந்தாலும் ஒரு ரோல் சோதனைக்கு ஒதுக்குங்கள், முக்கியமான நிகழ்ச்சிக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். ஒரே சுவரை, ஒரே வெளிச்சத்தில், வேகத்தையும் துளையையும் சேர்த்து மாற்றி ஒரே எக்ஸ்போஷரில் எடுத்துக்கொண்டே போங்கள்: 1/1000-க்கு எஃப் 4, 1/500-க்கு எஃப் 5.6 என்று. நெகட்டிவில் எல்லாச் சட்டமும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். முழுத் துளையில் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு படமும், தூரத்துக் கோபுரம் ஒரு படமும் எடுங்கள். நடுவில் ஒருமுறை, ஃபிலிம் உள்ளே இருக்கும்போதே கேமராவை நல்ல வெயிலில் அரை மணி நேரம் நான்கு பக்கமும் திருப்பி வையுங்கள், சீலில் இடைவெளி இருந்தால் அந்தச் சட்டத்தில் தெரிந்துவிடும். எந்தச் சட்டம் எதற்கு என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ரோல் கழுவி வந்ததும் மறந்துபோயிருக்கும்.